அஞ்சரை இஞ்சு

வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கம்
ஒரு குழி என் இசுசுவின் முன்சக்கரத்தைக்
கடித்துப் பார்த்தது.
ரிம் வாய் பிளந்தது.
மேலே ஆயிரத்து நூறு தேங்காய்,
ஒன்றுகூட உருளவில்லை.
பொள்ளாச்சி மண்டிக்காரர் ஒருமுறை கூப்பிட்டார்,
அப்புறம் கூப்பிடவில்லை.
அதுதான் பயம்.

மற்ற மூன்றும் ஏற்கெனவே
வெல்டிங் தழும்போடு ஓடுகிறவை.
ஷோரூமில் புதுசுக்குச் சொன்ன விலையில்
கறவை மாடு ஒன்று வாங்கலாம்,
கன்றோடு.

கொழிஞ்சாம்பாறை ஹனீபா ராவுத்தரின் தகரக் கொட்டகையில்
சக்கரங்கள் கம்பெனிவாரியாகத் தொங்கவில்லை,
ஓட்டைவாரியாகத் தொங்கின.
நாலு ஓட்டை வாசலில், அஞ்சு ஓட்டை நடுவில்,
ஆறு ஓட்டை பின்சுவரில், பல்லி அடையும் இருட்டில்.
என்ன வண்டி என்று அவர் கேட்கவே இல்லை.
"எத்தனை நட்டு?" என்றார்.

இறக்கியது ஃபார்ச்சூனர் சக்கரம். நான்கு.
பதினேழு இஞ்சு, அலாய்,
டயரில் இன்னும் ஒரு வருஷம் மிச்சம்.
"ஏனுங்க, டொயோட்டா போயி இசுசுல எப்படிங்க?"
பதிலுக்கு டேப்பை நீட்டினார்.
எதிரெதிர் ஓட்டை, நடுவிலிருந்து நடு.
நான் படித்தது அஞ்சரை இஞ்சு.
அவர் படித்தது
நூற்று முப்பத்தொன்பது புள்ளி ஏழு மில்லி.
கொஞ்ச நேரம் சண்டை போட்டோம்,
ஒரே கோட்டில் இரண்டு பேரும் விரலை வைத்துக்கொண்டு.

ஓட்டை சேர்ந்தது. நடு சேரவில்லை.
என் ஹப்பு நூறு, அதன் வாய் நூற்றாறு.
சுற்றிலும் மூன்று மில்லி காற்று.
"அது போதுமே, எண்பதுல ஸ்டியரிங் பேச ஆரம்பிச்சிடும்"
என்றார் சைலஜா, எதிர்க்கடை லேத்துக்காரி.
வளையல் அளவெடுப்பதுபோல்
ஒவ்வொரு ஹப்பிலும் காலிப்பர் வைத்துப் பார்த்து,
"உங்க வண்டிக்கு நாலும் நாலு சைஸு" என்றார்.
அலுமினியச் சுருள் அவர் செருப்பைச் சுற்றி உயர,
நான்கு வளையம் கடைந்து கொடுத்தார்.

நட்டும் மாற வேண்டுமாம்.
என் கூம்பு நட்டு இதில் உட்காராது.
வாஷர் வைத்த நீள நட்டு இருபத்துநாலு வேண்டும்.
ராவுத்தர் பால்மாவு டப்பாவைக் கவிழ்த்து எண்ணினார்:
இருபத்துமூன்று.
மிச்சம் ஒன்றைத் தேடினோம்
மதிய பாங்கு கேட்கும் வரைக்கும்.

ஒரு ஆரத்தின் பின்னால்
மல்லிகை நார் காய்ந்து சிக்கியிருந்தது.
கல்யாணக் காரோ,
வேறு ஏதாவது ஊர்வலமோ.
கேட்கவில்லை. கேட்டால் விலை ஏறும்,
இல்லாவிட்டால் மனசு இறங்கும்.

உள்பக்கம் தாங்கும் எடையை வார்த்திருந்தார்கள்.
செல்போன் வெளிச்சத்தில் படித்துவிட்டு
மனசுக்குள் நூற்றைம்பது தேங்காயை
இறக்கி வைத்தேன்.

செக்போஸ்ட்டில் குனிந்து பார்த்தவர் கேட்டார்:
"இது ஆருடெ காலாடா?"
வாங்கினதுங்க சார் என்றேன்.
முழுசாக ஒடித்துத் திருப்பினால்
இடது பக்கம் மட்கார்டில் உரசுகிறது,
தொண்டையைச் செருமுகிற மாதிரி.
ஸ்டெப்னி மட்டும் பழசு.
பிறந்த வீட்டுச் சக்கரம் அது ஒன்றுதான்,
அதற்குத் தரையில் வேலையில்லை.

பெரிய சக்கரம், குறைவாகச் சுற்றுகிறது.
வீட்டிலிருந்து மண்டி நாற்பது கிலோமீட்டர்.
மீட்டர் இப்போது முப்பத்தெட்டு என்கிறது.
மண்டிக்காரர் மீட்டர் பார்த்துத்தான் வாடகை எண்ணுவார்.
போக இரண்டு, வர இரண்டு,
தினமும் யார் பேரிலும் இல்லாத
நாலு கிலோமீட்டர் ஓட்டுகிறேன்.

அந்த நாலும் யார் கணக்கு என்று
ராவுத்தரிடம் கேட்டுவிட்டேன்.
டேப்பைச் சுருளவிட்டு
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.