பதினொன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்

பாகலூர் ரோட்டு அடகுக்கடையில்
வளையல் இரண்டையும் கழற்றி வைத்தேன்.
பதினாறு கிராம், கல் இல்லை என்றார்.
அந்தப் பதினாறைக் கொடுத்துத்தான்
பெங்களூரில் எவனோ ஓட்டி அலுத்த
கார்பன் ஃபிரேமை வாங்கினேன்:
இரண்டாயிரத்து நூற்று நாற்பது கிராம்.
எடை குறைக்கப் புறப்பட்டவளின்
முதல் கணக்கு இது.

அதன்பின் வாரம் ஒருமுறை
அதே கடை, அதே தராசு.
டைட்டானியம் போல்ட்டுகளைக்
கண்ணாடித் தட்டில் கொட்டினால்
"வெள்ளியாம்மா?" என்பார்.
"இல்லைங்க, போல்ட்டு."
"இதை யாரு அடகு வைப்பா"
என்று முனகிக்கொண்டே
புள்ளிக்குப் பின்னால் இரண்டு எண் வரை
படித்துச் சொல்வார்.

வாடகை வீடு, ஒரே அறை.
ஜன்னல் கம்பியில் தொங்குகிறது ஃபிரேம்,
கீழே பாயில் நான்.
பின்சக்கரம் எழும்பினால் இந்தக் கை மடங்கும்,
இது மடங்கினால் அந்த ராக்கர் திரும்பும்,
ராக்கர் திரும்பினால் ஷாக் அமுங்கும்.
முழங்கால் மாதிரி என்று சொல்ல வந்தேன்.
முழங்காலுக்கு ரீபவுண்ட் திருகு கிடையாது.

பழைய ராக்கர் நூற்று நாற்பத்திரண்டு கிராம்.
சிப்காட்டில் நான் அளவு பார்க்கும் ஆலையில்
இரண்டாம் ஷிஃப்ட் திம்மராஜ்
மேனேஜரிடம் கேட்டுவிட்டு
வெட்டி மீந்த அலுமினியத்தில்
புதிதாக ஒன்று கடைந்தான்.
"இன்னும் தோண்டு" என்றேன்.
"வேணாங்க்கா."
"தோண்டு."
தொண்ணூற்றாறு.
அடகுக்கடைக்காரரே
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மூன்றாம் நாள்
கெலமங்கலம் போகிற வழியில்
கல்குவாரி மேட்டில் ஒரு சின்னத் துள்ளல்.
டிக்.
விழவில்லை. அவ்வளவுதான்.
பேரிங் உட்காரும் வளையத்தில்
மயிரிழை விரிசல்.

எட்டு வருஷமாய் அடுத்தவர் வேலைக்குச்
சிவப்பு மை வைத்த கை.
என் ராக்கருக்கும் வைத்தேன்.
காரணம் என்ற கட்டத்தில்
'ஆபரேட்டர் பிழை' என்று எழுதுவது சுலபம்.
'வரைந்தவள் பேராசை' என்று எழுதினேன்.
அந்தப் படிவத்தைத் திம்மராஜ் மடித்து
டிஃபன் பையில் வைத்திருக்கிறான்,
கேட்டால் தரமாட்டேன் என்கிறான்.

இரண்டாவது ராக்கர் நூற்றுப் பதினெட்டு.
இருபத்திரண்டு கிராமை விட்டுக்கொடுத்தேன்.
பிரேக் ஹோஸை ஒரு விரற்கடை நறுக்கி
இரண்டைத் திருப்பி எடுத்தேன்,
அது வேறு விஷயம்.

கடைசியாகக் காற்று.
ஷாக்குக்குள் எவ்வளவு அடிப்பது என்பதற்கு
வண்டி கேட்பது ஒரே கேள்வி:
உன் எடை?
பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள்.
சுடிதார் கடையில்
வாயால் கேட்காமல் கேட்டிருக்கிறார்கள்.
எல்லோருக்கும் நாலு கிலோ குறைத்தே சொன்னேன்.
இதனிடம் பொய் சொன்னால்
முதல் பள்ளத்திலேயே அடி தட்டும்.
ஹெல்மெட், ஷூ, தண்ணீர்,
காலையில் விழுங்கிய ராகிக் களி,
எல்லாம் சேர்த்து எழுபத்தெட்டு.
அடித்தேன். ஏறி உட்கார்ந்தேன்.
ஷாக் மேலிருந்த ரப்பர் வளையம் மெல்ல நகர்ந்து
நாலில் ஒரு பங்கில் நின்றது.

தேன்கனிக்கோட்டைக்கு அப்பால்
யானைக்கு வெட்டிய அகழி.
மண்பாதை இந்தக் கரையில் அறுந்து
அந்தக் கரையில், தக்காளித் தோட்டத்தில், தொடங்குகிறது.
போட்டிருந்த பலகையை மழை கொண்டுபோயிருந்தது.
வண்டியைத் தோளில் போட்டு இறங்கினேன்.
ஏறும்போதுதான் ஒவ்வொரு போல்ட்டும்
தன் பேரைச் சொல்லிக் கும்பிட்டது.

மேலே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர்
முனிமாரப்பா.
"ஓட்டுறதுக்கா, தூக்குறதுக்கா?"
பதில் வருமுன்னே ஒரு கையால் வாங்கி
இடுப்புயரம் தூக்கிப் பார்த்தார்.
"அரைப் பெட்டி கூட இல்லையே.
பதினொண்ணு, பதினொன்றரை."
பதினொன்று புள்ளி ஆறு.
தராசு இல்லாமல் சொல்லிவிட்டார்.

பிறகு, நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல,
பழுத்ததாய்ப் பொறுக்கி
இரண்டு கிலோ தக்காளியைப் பையில் கட்டி
என் முதுகில் மாட்டிவிட்டார்.

வரப்பில் வண்டியைச் சாய்த்தேன்.
பம்பை எடுத்து,
எண்பதுக்கு அடித்தேன்.