உதிரிப் பழம்

லாபிஸ் பழைய பஸ் நிலையத்துக்கு எதிரே
முடிவெட்டும் கடையின் மாடி.
சனிக்கிழமை இரவு
ஈயம் உருகும் வாசனை கீழே இறங்கினால்
நாங்கள் வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

சங்கத்துக்குச் சட்டம் ஒன்றுதான்.
குவான் மெங் மார்க்கரால் சுவரில் எழுதிவைத்தான்:
எடுத்துக்கொள், மாற்று, மாற்றியதை மறைக்காதே.
கீழே யாரோ சேர்த்தது:
ஸ்க்ரூடிரைவரை மட்டும் திருப்பிக் கொடு.

ஆறு மாதமாய் ஒரு ரோபோ.
மைலோ டின் மூடிகள் சக்கரம்,
செத்த பிரிண்டரிலிருந்து பிடுங்கிய மோட்டார்,
கண்ணுக்கு ஒரு சின்னக் கேமரா.
செம்பனை மரத்தடியில் உதிர்ந்து கிடப்பதைத்
தேடிப் பொறுக்க வேண்டும்.
ஆரஞ்சைக் கண்டால் போ என்று
நிரல் எழுதியவள் நான்.

முதல் சோதனையில்
பழத்தைத் தாண்டிப் போனது.
ஷொஹாக் போட்டிருந்த ஆரஞ்சுச் சட்டையைப் பிடித்துக்கொண்டு
நிரை நிரையாய் அவன் பின்னாலேயே போனது.
நின்றால் நின்றது.
ஓடினால்
சேற்றில் வழுக்கி வழுக்கி ஓடியது.
"இதுக்கும் பெர்மிட் எடுக்கணுமா?" என்றான்.
சிரித்தோம்.
அவனும் சிரித்தான், கொஞ்சம் பிந்தி.

சாக்கை இறக்கிவைத்துவிட்டுப்
பார்த்துக்கொண்டிருந்தார் அஞ்சுகம் அக்கா.
கிலோவுக்கு இத்தனை சென் என்று
உதிரி பொறுக்கியே மாதத்தைக் கடத்துகிறவர்.
"நல்லாத்தான் ஓடுது.
இது பொறுக்குனா
நான் என்னத்தப் பொறுக்குறது?"

யாரும் வாய் திறக்கவில்லை.
ஜீவரேகன் குனிந்து பேட்டரியைக் கழற்றினான்,
சூடாகிவிட்டதாம்.

அக்காவே மறுபடி பேசினார்:
"எடை போடுமா அது?
லாரிகிட்ட நிறுக்கும்போது தினமும் குறையுது.
பழம் காயுதுங்கிறாங்க.
மரத்தடிக்கும் ரோட்டுக்கும் நடுவுல
எவ்வளவுதான்டா காயும்?"

அந்த வாரம் ரோபோவைப் பிரித்தோம்.
கூடை நிரம்பியதா என்று பார்க்க
அதன் வயிற்றில் வைத்த எடை உணரி
ஐந்து கிலோவுக்கு மேல் தாங்காது.
பெரியது பதினெட்டு வெள்ளி,
உண்டியலில் பதினொன்றுதான் இருந்தது.
மீதியை முடிவெட்டுகிறவர் போட்டார்,
ஏன் என்று கேட்கவில்லை.

படிக்கல்லுக்கு எங்கே போவது?
ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தை
ஒன்று என்று நம்பச் சொன்னோம், நம்பியது.
ஐந்து பொட்டலத்தை ஐந்து என்றது.
பத்து கிலோ அரிசிப் பையை மட்டும்
ஒன்பதே முக்கால் என்றது.
பொய் சொல்வது பையா கருவியா என்று
பதினோரு மணிவரை சண்டை.
தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ஹஃபிஸா
திங்கட்கிழமை பார்சல் தராசில் வைத்துப் பார்த்தாள்.
பைதான்.

மரக்கொம்பில் கருவியைக் கட்டிச்
சாக்கைத் தொங்கவிட்டார் அக்கா.
41.3.
கணக்கு நோட்டில் எழுதினார், பக்கத்தில் தேதி.
லாரியடியில் முப்பத்தெட்டு என்றார்கள்.
நோட்டை விரித்துக் காட்டினார்.
கிராணி எண்ணைப் பார்த்தார்,
கருவியைப் பார்த்தார்.
"இத எங்க வாங்குன?"
"வாங்கல."

அன்றைக்கு முப்பத்தெட்டுக்குத்தான் காசு.
மறுநாள் ஆறு பெண்கள்
ஆளுக்கொரு நோட்டோடு நின்றார்கள்.
கிராணி தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வரைபடம், நிரல், திருகாணி வரை விலை,
எல்லாவற்றையும் பொதுவில் போட்டோம்.
கோப்பின் பெயர் அஞ்சுகம்.
மூன்றாம் வாரம்
காப்பித் தோட்டக்காரர் ஒருவர்,
எந்த நாடென்று சொல்லவில்லை,
என் நிரலில் ஒரு வரியைத் திருத்தி அனுப்பினார்.
இனி காற்றில் சாக்கு ஆடினாலும்
எண் ஆடாது.
வெட்கமாய் இருந்தது, அவ்வளவு எளிய வரி.

கடைசியில் கேட்டிருந்தார்:
அஞ்சுகம் என்றால் என்ன?

என்ன எழுதுவது என்று
அக்காவிடமே கேட்டோம்.
சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே சொன்னார்:
"நாப்பத்தொண்ணு புள்ளி மூணுன்னு எழுது."