நாற்பதாவது நிமிடம்

விற்பதென்று முடிவான பிறகுதான்
படகு எங்கள் இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டது.
வழக்கறிஞரின் தாளில் அதற்கு ஒரே வரி:
பாய்மரப் படகு, இருபத்தெட்டு அடி,
பெட்ரோல் இன்ஜின், பாதி பாதி.
சனிக்கிழமை யார்மத்திலிருந்து வருகிறார் கோமோ,
பல் மருத்துவர், பணத்தோடு.

வியாழன் காலை. மஹோன் விரிகுடா மூடுபனிக்குள்.
படிக்கட்டைக் கழற்றி வைத்துவிட்டு
நானும் எல்டனும் இன்ஜின் முன் மண்டியிட்டோம்.
கல்யாணத்தன்று மண்டியிட்டது,
அதற்குப் பிறகு இப்போதுதான்.

நோய் தெரிந்ததுதான்.
குளிர்ந்திருந்தால் முதல் திருகலிலேயே கிளம்பும்.
நாற்பது நிமிடம் நல்ல பிள்ளை.
பிறகு இருமாது, திக்காது,
பேச்சின் நடுவே எழுந்து போகிறவனைப் போல
சட்டென நின்றுவிடும்.
ஒரு மணி நேரம் கழித்து
ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஓடும்.

"பெட்ரோல்தான்," என்றான் எல்டன்.
ஏழு கோடைகளாக அதையே சொன்னான்.
அவன் கார்புரேட்டரைக் கழுவிய அளவுக்கு
எங்கள் வீட்டில் ஒரு கோப்பையைக் கழுவியதில்லை.
பாயின்ட் மட்டும் ஏன் மாதாமாதம் கருகுகிறது என்று
அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கட்டிய கயிறுகள் விறைக்க ஓடவிட்டோம்.
முப்பத்தெட்டு.
முப்பத்தொன்பது.
நின்றது.

பிளக் வயரைக் கழற்றி
இரும்பிலிருந்து அரை நகம் தள்ளிப் பிடித்தேன்.
அவன் ஸ்டார்ட்டரை அழுத்தினான்.
நீலம் இல்லை. மஞ்சள்கூட இல்லை.
பொறி என்றால் எந்திரம், பொறி என்றால் தீத்துளி.
பொறிக்குள் பொறி இல்லை.

காயிலைத் தொட்டவன் கையை உதறினான்.
பாத்திரம் துடைக்கும் துணியைக் கடலில் நனைத்து
காய்ச்சல்காரன் நெற்றிக்குப் போல் சுற்றினேன்.
ஆவி வந்தது. துணியை இரண்டு முறை மாற்றினேன்.
அழுத்து.
டிக் டிக் என்று தடித்த நீலம்.

"பெட்ரோல் இல்லை," என்றான்,
ஏழு கோடைகளை மடித்து வைக்கிறவன்போல்.

பிறகு, காயில் ஏன் கொதிக்கிறது?
கேட்டுக்கொண்டே டார்ச்சோடு வயரைப் பின்தொடர்ந்தான்,
சாவியிலிருந்து, பலகைக்குப் பின்னால்,
வெள்ளைப் பீங்கான் ரெசிஸ்டர் வரை.
அதன் நடுவே விரிசல்.
தலைக்கு மேலாக ஒரு சிவப்பு வயர்
முனைக்கு முனை பாலம் போட்டு
பன்னிரண்டு வோல்ட்டையும் அப்படியே
காயிலுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தது.
பொறிக்கு மூன்றாவது பொருளும் உண்டு,
எலிக்கு வைப்பது.

அது அறை விளக்கிலிருந்து நான் பிய்த்த வயர்.
டான்குக் தீவுக்கு வடக்கே, ஒரு செப்டம்பர் இரவு,
காற்றில்லை, இன்ஜின் செத்துக் கிடந்தது.
பல்லால் தோலுரித்து முறுக்கினேன்,
கரை சேரும் வரை தாங்கினால் போதுமென்று.
அவன் ஹாலிஃபாக்ஸில் வேலையிலிருந்த வாரம்,
தனியாகப் படகை எடுக்கமாட்டேனென்று
நான் வாக்குக் கொடுத்திருந்த வருடம்.
எங்கே போனாய் என்றால்
எங்குமில்லை என்பதுதான் உண்மை.
நங்கூரம் போட்டு, டப்பா மீனைத் தின்று,
யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரம்
சும்மா உட்கார்ந்திருந்தேன்.
முதல் கோடையில் சொல்லியிருக்கலாம்.
இரண்டாவதில் அது பொய்யாகிவிட்டது.
மூன்றாவதில் மறந்தே போனேன், நிஜமாக.

எல்டன் வயரைப் பார்த்தான். முறுக்கைப் பார்த்தான்.
நான் இடக்கைக்காரி,
என் முறுக்கு எதிர்ப்பக்கம் சுற்றும்.
"நல்ல இறுக்கம்," என்றான்.
வயரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

செஸ்டரில் புது ரெசிஸ்டர், பதினான்கு டாலர்,
ஆளுக்கு ஏழு.
மாட்டி, ஓடவிட்டு, எதிரெதிரே உட்கார்ந்தோம்.
முப்பத்தொன்பது. நாற்பது.
நாற்பத்தொன்று,
நாங்கள் சேர்ந்து போயிராத நிமிடம்.
இன்ஜின் பாட்டுக்கு ஓடியது.
எங்களுக்குத்தான் என்ன பேசுவதென்று தெரியவில்லை.
ஐம்பத்திரண்டில் எல்டன் எழுந்து
தானே சாவியைத் திருப்பி அணைத்தான்.
காரை யாருக்கோ குறுக்கே நிறுத்தியிருந்தானாம்.