மணல்தட்டு

தாலினில் விடியவில்லை இன்னும்.
டிராம் ஓட்டப் போகுமுன்
உர்வே முழங்காலிட்டு மணலைக் கிளறுகிறாள்.

நேற்று ஆட்டுப் புழுக்கைபோல் உருண்டு கிடந்தது:
தண்ணீர் போதவில்லை.
போன வாரம் கூழ்,
திருடித் தின்ற க்ரீம் காட்டிக்கொடுத்தது.
இன்று விரல் நீளம், நல்ல பழுப்பு,
ஓரத்தில் மட்டும்
ஒரு சிவப்பு இழை.

விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து
ஜாம் புட்டியில் போட்டு மூடுகிறாள்.
பூனை காலைத் தூக்கி நக்குகிறது,
ஒளிக்க ஒன்றுமில்லாமல்.

எண்டெல் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வான்.
இரண்டு முறை தண்ணீர் இழுப்பான்.
முப்பது வருஷம் ஒரே கழிப்பறை.
கடைசி வருஷம்
இருமுவதும் கேட்டது,
வயிறு என்றால் வயிறுதான் என்பான்.

பணிமனைக்குப் போன் செய்கிறாள்:
இன்று வர முடியாது.
யாருக்கு உடம்பு சரியில்லை?
வீட்டில்தான், என்கிறாள்.
கோட்டுப் பைக்குள்
புட்டி இன்னும் இளஞ்சூடு.