காயும் நேரம்

துலூத் நகரில் ஏரி உறைந்து கிடந்த ஜனவரியில்
மருத்துவமனைக்குத் திடீரென்று தெரிந்தது,
இருபத்திரண்டு வருடம் கத்தியும் கவ்வியும் எடுத்துக் கொடுத்த
மார்லிஸ் டோஃப்டியிடம்
சான்றிதழ் இல்லை.

தேர்வு எழுது, இல்லையேல் துணி மடிக்கும் பிரிவு.

"என் கையைக் கேளுங்கள்" என்றாள்.
கைக்குத் தேர்வு இல்லையாம்.

காருக்குள் ஹீட்டர் போட்டுப் படித்தாள்.
தேர்வறையில் பக்கத்துப் பையன் நகம் கடித்தான்.
இவனை என் மேசையருகே விடமாட்டேன்,
நினைத்துக்கொண்டே பக்கம் புரட்டினாள்.

நூற்றுப் பதினோராம் கேள்வி:
தோலில் பூசிய ஆல்கஹால் மருந்து காய
எத்தனை நிமிடம், போர்வை விரிக்குமுன்?

மூன்று.
குறித்தாள்.

அவள் விட்டதெல்லாம்
ஒரு பாட்டு முணுமுணுக்கும் நேரம்.
அவசரமென்றால் பல்லவி மட்டும்.
ஈரத்தின்மேல் துணி,
துணிக்கு ஒரு சாண் தள்ளி
சுடுகருவியின் பொறி.
எத்தனை வயிறுகள்.
யாரும் எரியவில்லை.

யாரும் எரியவில்லை என்பது
நான்கு விடைகளில் ஒன்றாக இல்லை.

மார்ச், திங்கட்கிழமை, முதல் குடல்வால்.
டாக்டர் கெஸல் போர்வைக்குக் கை நீட்டுகிறார்.
"இன்னும் ஒரு நிமிடம், நாற்பது நொடி."
"என்ன மார்லிஸ், புதுசா இருக்கே?"
"ஆமாம்,"
கடிகாரத்தை விட்டுக் கண்ணெடுக்காமல்.