உப்பு எத்தனை பிடி

பிளிம்பிங் நுனிக்கிளையில் காய்க்கிற மரம் இல்லை.
அடிமரத்தோலைக் கிழித்துக்கொண்டு
கொத்துக் கொத்தாய்,
யாரோ பிஞ்சு வெள்ளரியைப் பசை போட்டு ஒட்டியதுபோல.
இந்த மாதம் அதற்குக் கொஞ்சம் வெறி.

மில்லில் இரவு வேலை முடிந்து
ஏழரைக்கு வருகிறேன்.
சட்டையெல்லாம் வெந்த செம்பனைக் குலை நாற்றம்.
சப்பாத்தைக் கழற்றுமுன் தரையைப் பார்க்கிறேன்:
நேற்று விழுந்தவை கூழ்,
இன்று விழுந்தவற்றில் எறும்பு.
பறித்த மறுநாளே பழுப்பேறும் சாதி.
நான் தூங்கி எழும்வரைகூடப் பொறுக்காது.

ரோஹானி அக்கா அசாம் பெடாசுக்கு
ஒரு பை கொண்டுபோனாள்.
பகாவ் பசாரில் ஆ கியோங் கைகூட நீட்டவில்லை,
எல்லார் வீட்டிலும் இதேதானாம்.
மிச்சம் மூன்று வாளி.

போன மாதம் நானே ஊறுகாய் போட்டேன்.
பதினோராம் நாள் மூடியைத் திறந்தால்
பூனைக்குட்டி மயிர்போல வெள்ளைப் பூஞ்சை.
போத்தலோடு வீசினேன்.

உப்புக் கணக்குத் தெரிந்த ஒரே ஆள்
கிள்ளானில் இருக்கிறாள்.
என் தங்கை, புனிதமலர்.
கூட்டுப் பணம் நாலாயிரம் வெள்ளி.
யார் யாருக்குத் தரவேண்டும் என்பதில்
அவளுக்கு ஒரு கணக்கு, எனக்கு ஒரு கணக்கு.
பேசி மூன்று வருடம்.

"ம்" என்றாள்.
"உப்பு எவ்வளவு?" என்றேன்.
என்ன காய் என்று அவள் கேட்கவில்லை.
"வாளிக்கு ரெண்டு பிடி.
உன் பிடி இல்ல, என் பிடி.
வெயில்ல நல்லா சுருங்கணும்.
போத்தல்ல சொட்டுத் தண்ணி இருக்கக்கூடாது."
"நாலு மணிக்கு மழை வந்துருதே."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
மின்விசிறி மட்டும் சுற்றியது.
"சாகா ஓடுதா?"
"ரோட் டேக்ஸ் செத்து ஒரு வருசம்."
"அப்ப அதுக்குள்ள வை. கண்ணாடிய ஏத்திடு."
வைத்துவிட்டாள்.

ஸ்டியரிங் முன்னால் ஒரு தட்டு,
பின் சீட்டில் இரண்டு.
ஓட்டுநருக்குப் பக்கத்துத் தட்டுக்கு
பெல்ட் மாட்டிவிட்டேன், ஏனென்று தெரியவில்லை.
மதியத்துக்குள் கண்ணாடியில் வேர்வை;
கதவைத் திறந்தால் புளி மூக்கைக் குத்தும்.
ஆவி போகட்டும் என்று ஒரு விரல் அளவு திறந்து
மறுபடி ஏற்றுகிறேன்.

நாலு மணிக்கு மழை, சொன்ன நேரத்துக்கு.
தகரத்தில் சத்தம் கேட்டு எழுந்தேன்.
ஓடவேண்டியதில்லை என்று
நினைவுக்கு வரக் கொஞ்ச நேரம் ஆனது.

மூன்றாம் நாள் தோல் போலச் சுருங்கின.
அவள் பிடியை என் கையில் தேடினேன்:
சுண்டுவிரலையும் மோதிரவிரலையும்
விலக்கிவிட்டால் சரியாக இருக்கும்.
சின்ன வயதில் பங்கு பிரிக்கும்போது
அந்தப் பிடிக்காகத்தான் எப்போதும் சண்டை.

எட்டுப் போத்தல் வரும்.
கழுவிக் கவிழ்த்தவற்றை எண்ணினேன், ஒன்பது.
அவள் கேட்கவில்லை.
தருகிறேன் என்று நானும் சொல்லவில்லை.
ஒன்பதாவதை
உள்ளே துணி விட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்,
இன்னும் ஒரு சொட்டு
எங்கேயோ மின்னுகிறது.