வழுவமைதி

சேரம்பாடியில் மூன்றாம் நாளும் மழை.
போன கரண்ட் திரும்பியதும்
கம்பைலர் காட்டியது:
பிழை. திணை பொருந்தவில்லை.

எழுத்தில் குறையில்லை.
சொல்லெல்லாம் அதனதன் இடத்தில்.
தொடரைப் பிரித்து வரைந்த மரத்தில்
ஒரு கிளைகூட முறியவில்லை.
சிக்கல் அதற்கும் அப்பால்.

யானையைப் பெயர்ப்பட்டியலில் பதிந்தவள் நான்தான்:
அஃறிணை, ஒருமை, படர்க்கை.
மாதன் அனுப்பியிருந்தது:
'ஆனை வந்தாரு. பலா மரத்தடி.'

சின்ன மொழிதான் செய்திருந்தேன்.
காவலுக்குப் போகிறவர்கள் தட்டும் நாலு சொல்லை
வளைவில் நிற்கும் சிவப்பு விளக்குக்குப்
புரிய வைக்க.
அறிவிக்காத பெயரை ஏற்காது.
தூரத்தோடு நேரத்தைக் கூட்ட விடாது.
கீழ்லைன் எஸ்டேட்டுக்கு ஒன்று உண்டு;
சொல்கிறவர் எந்த எல்லைக்குள் நிற்கிறாரோ
அந்தக் கீழ்லைனை எடுத்துக்கொள்ளும்.
'ஆறு தாண்டியாச்சு' என்றால்
தண்ணீரா மணியா என்று
முன்பின் பார்த்தே முடிவெடுக்கும்.
அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

நாலு பத்துக்கு வந்த செய்தி
நாலு பத்துக்கே தள்ளப்பட்டது.
விளக்கு எரியவில்லை.
பால் கேனோடு இறங்கிய ஜெசிந்தா
பனிக்குள் பத்தடியில் பார்த்திருக்கிறாள்
முதலில் ஒரு காதை,
பிறகு மிச்சத்தை.
ஒன்றும் ஆகவில்லை. கேன்தான் நசுங்கியது.

மாதனைக் கூப்பிட்டேன்.
'வந்தது'ன்னு போடுங்கண்ணே, போதும்.
அந்தப் பக்கம் மழை மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.
"அவரு நின்னு கேட்டுட்டிருக்கையில
எப்படிம்மா அதுன்னு எழுத?"

பத்தாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்த சொல்
அப்போது ஞாபகம் வந்தது.
உயர்த்திச் சொன்னால் திணை மாறலாம்;
வழுதான், ஆனாலும் அமையும்.

பட்டியலில் யானையை நான் தொடவில்லை.
அஃறிணையாகவே இருக்கிறது, என் கணக்கில்.
'பிழை' என்றிருந்த இடத்தில் மட்டும்
'எச்சரிக்கை' என்று மாற்றினேன்.
நிறுத்தாதே, சொல்லிவிட்டுப் போ.

ராத்திரி பதினொன்றே கால்.
'பெரியவரு கெளம்பிட்டாரு. கூட சின்னவங்க ரெண்டு பேரு.'

எச்சரிக்கை: திணை பொருந்தவில்லை.
எச்சரிக்கை: திணை பொருந்தவில்லை.
தொடர்கிறது.

ஜன்னலுக்கு வெளியே,
தேயிலைக்கு மேலே,
சிவப்பாக நனைகிறது மழை.